ஊக்கமும் ஊக்கும்: நன்கொடைக்குக் குயில்ட் தைக்க முன்வந்த ஒரு குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

துணித் துண்டுகளை இணைத்துக் குயில்ட் என்னும் மூன்றடுக்குப் போர்வை தைக்கும் 16 பேர் கொண்ட குழு ஒன்று, ஆண்டுக்கு 12 போர்வைகளையாவது தேவைப்படுவோருக்குத் தைத்துக் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஓராண்டு முடிந்தபோது கொடுக்கப்பட்டவை 3. அதற்கடுத்த ஆண்டில் அதே 16 பேர் 18 போர்வைகளை முடித்துக் கொடுத்தார்கள். இடையில் எவருக்கும் புதிதாக இரக்கம் சுரந்துவிடவில்லை. புதியவர் எவரும் சேரவும் இல்லை. அப்படியானால் எது மாறியது என்பதை, குழுவின் பதிவேட்டை எழுதிவந்தவன் என்ற முறையில் இங்கே ஆராய்கிறேன். முதலாண்டுத் தவறுகள் சிலவற்றில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

முதலாண்டில் நாங்கள் செய்தவை

தீர்மானம் எடுத்த நாளில் கூட்டத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தவர்கள் 12 என்ற இலக்கைக் குறைவு என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்று மாதங்கள் கழிந்தும் ஒரு போர்வைகூட வந்து சேராதபோது, உறுப்பினர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்ற முடிவுக்கு ஒருங்கிணைப்பாளரும் நானும் வந்தோம். அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்தடுத்த கூட்டங்களின் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, போர்வை பெறப்போகிறவர்களின் நிலையை உருக்கமாக எடுத்துச் சொன்னோம். எல்லோரும் தலையசைத்தார்கள், சிலர் கண் கலங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்து, சுவரில் ஓர் அட்டவணை தொங்கவிட்டோம். இடப்பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள், முடித்தவருக்கு ஒரு நட்சத்திரம். யோசனை என்னுடையது. இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் நட்சத்திரம் ஏறியது. மற்ற 14 கட்டங்களும் வெறுமையாக நின்று, உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் வாசலிலேயே விசாரித்தன. ஐந்தாம் மாதத்திலிருந்து வருகை குறைந்தது. பொழுதுபோக்குக்காகவும் நாலு பேரோடு பேசிச் சிரிப்பதற்காகவும் வந்துகொண்டிருந்தவர்கள், கடன்காரர் வீட்டைக் கடப்பதுபோல் கூட்டத்தைக் கடந்து போகத் தொடங்கினார்கள். அட்டவணையைக் கழற்றியதும் வருகை மீண்டது. ஆனால் போர்வை வரவில்லை.

மூன்றாவதாக, மீந்த துணிகளைப் போட ஒரு பெட்டி வைத்து, நன்கொடைப் போர்வைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றோம். தம் வீட்டில் எதற்கும் உதவாத துணிகளை எல்லோரும் அதில் சேர்த்தார்கள்: நைந்த சட்டை, இழுத்தால் நீளும் பின்னல் துணி, எந்த நிறத்தோடும் ஒத்துப்போகாத பூப்போட்ட திரைச்சீலை. கொடுப்பதற்குத் தைப்பதென்றால் கழித்துப்போட்டதில் தைப்பது என்ற எண்ணம், யாரும் சொல்லாமலே அந்தப் பெட்டியின் வழியாகப் பரவியது. கைத்திறனில் பெருமை உள்ளவர் மனம் விட்டுச் செய்ய அதில் ஒன்றும் இல்லை.

அலமாரியைத் திறந்த நாள்

ஆண்டிறுதியில் கூட்ட அறையின் அலமாரியைச் சுத்தம் செய்ய நேர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உள்ளே ஒழுங்காக மடித்துவைத்த மேல்துணிகள் 19 இருந்தன. அவற்றில் சில மிக அழகானவை. முனைகள் எல்லாம் கச்சிதமாகச் சந்திக்கும்படி தைத்தவை. 12 கேட்ட இடத்தில் 19 தைத்திருந்த குழுவைத்தான் நாங்கள் ஓராண்டாக ஊக்கமில்லாத குழு என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

குயில்ட் தைக்காதவர்களுக்காக இங்கே சற்று விளக்க வேண்டும். குயில்ட்டுக்கு மூன்று அடுக்குகள்: துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சுவிரிப்பு, கீழே அடித்துணி. (பஞ்சுவிரிப்பைக் கடைகளில் பேட்டிங் என்பார்கள். கிரிக்கெட் நினைவு வந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன்.) மூன்றையும் விரித்து, சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, நகராதபடி ஊக்கு குத்தி, பிறகு மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்படி குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, கடைசியில் நான்கு ஓரங்களையும் பட்டி கட்டி முடிக்க வேண்டும். துணி வெட்டுவது சலிப்பான வேலை. துண்டுகளை இணைப்பது இன்பமான வேலை. நிறங்கள் சேரச் சேரக் கை நிற்காது. அதற்குப் பின் வரும் அடுக்குதலும் ஊக்கு குத்துதலும் பெரும்பாலோர் தள்ளிப்போடும் வேலைகள். நன்கொடைப் போர்வைக்கு மட்டும் உரிய நோய் அன்று இது. சொந்த உபயோகத்துக்குத் தைப்பவர்கள் வீட்டிலும் மேல்துணிகள் ஆண்டுக்கணக்கில் மடித்தபடி கிடப்பதுண்டு.

19 மேல்துணிகளையும் மேசையில் பரப்பி, தைத்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்டோம். ஊக்கமின்மை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 36 அங்குல அகலமும் 54 அங்குல நீளமும் உள்ள போர்வையை அடுக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்தினால் நூறுக்கு மேல் ஊக்கு பிடிக்கும். அதைத் தரையில் முழங்காலிட்டு ஊர்ந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றார்கள் ஐந்து பேர். விரிப்பதற்கு அவ்வளவு வெற்றிடம் வீட்டில் இல்லை என்றார்கள் நான்கு பேர். ஒருவர் வெகுநேரம் தயங்கிவிட்டு, துணி தம்மிடம் இருந்தது, பஞ்சுவிரிப்பையும் அடித்துணியையும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, அதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன் என்றார். அவர் சொன்ன பிறகு இன்னும் மூவர் அதையே சொன்னார்கள். துணி, பஞ்சு எல்லாம் அவரவர் பொறுப்பு என்று தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்து போனது நாங்கள்தான்.

அன்றைய பேச்சில் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது: “அக்கா, வெட்டிக் கொடுத்தால் எத்தனை வேண்டுமானாலும் தைத்துத் தருகிறேன். அடுக்கிக் கொடுத்தால் குறுக்குத் தையலும் போட்டுவிடுகிறேன். வெட்டவும் அடுக்கவும் மட்டும் என்னைத் தனியாக விடாதீர்கள்.” மூத்தவர் ஒருவர் உடனே, “அப்படியென்றால் நமக்குக் குறைந்தது ஊக்கம் இல்லை அம்மா, ஊக்கு” என்றார். சிரித்தோம். ஆனால் அடுத்த ஆண்டின் திட்டம் முழுவதும் அந்தச் சிலேடையிலிருந்துதான் கிளம்பியது.

வேலையைப் பிரித்த விதம்

முதலில் பொது நிதி ஒன்றைத் திரட்டி, பஞ்சுவிரிப்பைத் துண்டு துண்டாக வாங்காமல் சுருளாக வாங்கினோம். நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொண்டதில் கூச்சத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

அடுத்து அளவை நிலைநிறுத்தினோம். அதற்குத் தூண்டுதலாக இருந்தது எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டின் அமைப்பு. 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்தப் பணியில், இறந்தவரின் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு துணியும் 3 அடி அகலம், 6 அடி நீளம். எட்டுத் துணிகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது 1,920 துணிகள் இருந்தன. ஒருவரையொருவர் அறியாத அத்தனை பேரின் கைவேலையை ஒரே விரிப்பாக்கியதில் உணர்வுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, முன்கூட்டியே முடிவான அந்த அளவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நாங்கள் தேர்ந்தது, தைத்து முடிந்தபின் 9 அங்குலம் வரும் சதுரக் கட்டங்கள், அகலத்தில் 4, நீளத்தில் 6, ஆக 24. முடிவில் 36-க்கு 54 அங்குலம். இந்த அளவுக்கு ஒரு மறைமுக ஆதாயம் உண்டு: குயில்ட்டுக்கான பருத்தித் துணி பொதுவாக 42 முதல் 44 அங்குல அகலத்தில் வருவதால், அடித்துணியை ஒட்டுப்போடாமல் ஒரே அகலத்தில் எடுத்துக்கொண்டு, இருபுறமும் 3 அங்குலம் மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். ஒட்டுப்போடும் வேலை ஒன்று ஒழிந்தது. தள்ளிப்போட ஒரு சாக்கும் ஒழிந்தது.

கட்டத்தின் வடிவமாக, மூன்று பட்டைகளை இணையாகத் தைக்கும் ரயில் ஃபென்ஸ் என்ற எளிய வடிவத்தை எடுத்தோம். வெட்டுவதில் சலிப்பில்லாத இருவர் 72 பட்டைகளையும் ஒரே நாளில் வெட்டி, ஆறு ஆறாகப் பன்னிரண்டு பைகளில் போட்டார்கள். ஒரு பையை எடுத்துப் போனவர் இரண்டு கட்டங்கள் தைத்துக் கொண்டுவந்தால் போதும். வழக்கமாக வரும் 12 பேரும் கொண்டுவந்தால் ஒரு மேல்துணி தயார். பையை எடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். எடுத்தவர் பெயரை எங்கும் எழுதவில்லை. நட்சத்திர அட்டவணையிலிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை ஊக்கு நாள் வைத்தோம். பெரிய மேசைகள் இரண்டைச் சேர்த்து, கால்களுக்கு அடியில் கட்டை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். குனிவதும் ஊர்வதும் நின்றன. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து ஓரங்களை ஒட்டுநாடாவால் மேசையோடு ஒட்டுவோம். துணி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் நாடாவை எடுத்ததும் துணி பழைய நிலைக்குச் சுருங்கி மேல்துணியில் மடிப்பு விழும். அதன்மேல் பஞ்சுவிரிப்பு, அதன்மேல் மேல்துணி. பிறகு நால்வர் நான்கு பக்கமும் நின்று நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஊக்கு குத்திக்கொண்டு வருவார்கள். வீட்டில் ஒருவர் ஒரு மாலை முழுவதும் முனகிக்கொண்டே செய்யும் வேலை, நான்கு பேர் பேசிக்கொண்டே செய்தால் அரை மணியில் முடிந்தது. ஒரே அமர்வில் மூன்று போர்வைகள் அடுக்கி முடித்த நாளும் உண்டு.

பலர் கூடிச் செய்தால் தலைக்கு வேலை குறையும் என்ற எச்சரிக்கை பழையது. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனை முடிவுகளின்படி, ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்தது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களை நாமும் அறிவோம். ஆனால் இதைச் சோம்பலுக்கு மட்டும் சான்றாகக் காட்டுவது முழு நியாயமாகாது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் காரணம் என்று ரிங்கெல்மானே கருதினார். எங்கள் முதலாண்டு அப்படித்தான் இருந்தது. 16 பேரும் இழுத்தார்கள், ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு திசையில்.

அடுக்கியதை வாங்கிப் போகிறவர், நடக்கும் பாதம் எனப்படும் வாக்கிங் ஃபுட்டை இயந்திரத்தில் மாட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 3 அங்குல இடைவெளியில் நேர்கோடுகள் போடுவார். 36 அங்குல அகலத்துக்கு 11 கோடுகள். சாதாரணப் பாதத்தில் அடித்துணி மேல்துணியைவிட முந்திப் போய்ச் சுருக்கம் விழும். இந்தப் பாதம் மேலிருந்தும் துணியை நகர்த்துவதால் மூன்றடுக்கும் சேர்ந்து போகும். குழுவில் இருவரிடம் மட்டுமே இருந்ததால் கூட்ட அறை இயந்திரத்துக்கு ஒன்று வாங்கினோம். இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகள் வெட்டி இணைத்தால் நான்கு ஓரத்துக்கும் பட்டி போதும். அதைக் கையால் தைத்து முடிப்பதை விரும்பிச் செய்ய நான்கு பேர் எப்போதும் இருந்தார்கள். கால்மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு அமைதியாகத் தைப்பது அவர்களுக்கு ஓய்வு.

கட்டங்கள் பொருந்தாமல் போனது

முதல் தவணையில் வந்த 24 கட்டங்களைத் தரையில் அடுக்கியபோது முகங்கள் வாடின. பிறகு தையலுக்குள் மறையும் அரை அங்குலத்தையும் சேர்த்து ஒன்பதரை அங்குலம் இருக்க வேண்டிய கட்டங்களில் சில ஒன்பதே கால், சில ஒன்பதே முக்கால். தையல் விடுப்பு, அதாவது துணி ஓரத்துக்கும் தையலுக்கும் இடையே விடும் இடம், கால் அங்குலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவர் இயந்திரத்தின் கால் அங்குலமும் வேறு வேறாக இருந்தது. நூல் தடிமனும் இஸ்திரி போட்டு மடிக்கும்போது துணி எடுத்துக்கொள்ளும் இம்மியும் அதில் சேரும். மூத்த உறுப்பினர் ஒருவர் யாருக்கும் சொல்லாமல் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய், மூன்று இரவுகள் பிரித்துத் திரும்பத் தைத்தார். தெரிந்தபோது, அவற்றைத் தைத்துக் கொடுத்தவர்களுக்கு மனம் சுருங்கியது. உதவி என்று செய்தது, உன் வேலை சரியில்லை என்று சொன்னதாக ஆகிவிட்டது. அடுத்த மாதம் மூன்று பைகள் எடுக்கப்படாமலே கிடந்தன.

தீர்வு எளியது, அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றை ஒன்றாகத் தைத்து, நடுப்பட்டையின் அகலத்தை அளந்தால் சரியாக ஓர் அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் ஊசியையோ வழிகாட்டி நாடாவையோ நகர்த்த வேண்டும். ஒரு கூட்டத்தில் எல்லோரும் இதைச் செய்து பார்த்து, இயந்திரத் தட்டில் நாடா ஒட்டிக்கொண்டார்கள். பட்டைகளையும் சற்றே அகலமாக வெட்டி, தைத்து வந்த கட்டங்கள் அனைத்தையும் சதுர அளவுகோல் வைத்து ஒன்பதரைக்குச் சீவிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். எல்லோருடைய கட்டமும் சீவப்படுவதால் எவருடையதும் குறையுள்ளதாகத் தெரியவில்லை. எடுக்கப்படாத பைகள் அடுத்த மாதமே போயின.

பெறுபவரைக் கேட்டது

முதலாண்டில் கொடுத்த மூன்றும் பிறந்த குழந்தைகளுக்கான சிறு போர்வைகள். நாங்களாகவே முடிவு செய்து கொண்டுபோய்க் கொடுத்தவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ மெத்தென்ற விரிப்போ இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பாதுகாப்பு அறிவுரை என்று அங்கே பணிவாக எடுத்துச் சொன்னார்கள். தொட்டிலுக்கென்று தைத்தவை தொட்டிலுக்கு ஆகவில்லை.

ஆகையால் இரண்டாம் ஆண்டில் தைப்பதற்கு முன்பே கேட்டோம். சிறுவர் காப்பகம் ஒன்று 36-க்கு 54 அளவு போதும் என்றது. ஒரு நிபந்தனை, பெரிய இயந்திரத்தில் வெந்நீரில் அடிக்கடி துவைப்போம், தாங்க வேண்டும். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு நீளம் குறைவாக வேண்டும், தொங்கும் ஓரம் சக்கரத்தில் சிக்கும் என்றார்கள். ஒரு வரிசைக் கட்டங்களைக் குறைத்து 36-க்கு 45 ஆக்கினோம். துவைப்பு பற்றிய அந்த ஒரு வாக்கியம் பல பிரச்சினைகளைத் தீர்த்தது. நைந்த துணிப் பெட்டி விவாதமே இல்லாமல் வெளியேறியது. பொத்தான், மணி போன்ற ஒட்டு அலங்காரங்களும் நின்றன. சிவப்பும் கருநீலமும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கப்பட்டன. அலமாரியில் இருந்த அழகான மேல்துணிகளில் இரண்டு இந்தச் சோதனையில் தோற்றன. அவற்றைத் தைத்தவர்களிடம் அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

கொடுக்கும் நாளில் இருவர் இருவராக உறுப்பினர்கள் மாறி மாறிப் போனார்கள். பெறுபவர்களைப் படமெடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். போய்வந்தவர்கள் கூட்டத்தில் சொன்னவை பெரும்பாலும் தையற்காரர்களுக்கே உரிய சின்னச் செய்திகள்: ஓரப்பட்டி மூலையில் பிரிகிறது, இரட்டைத் தையல் போட வேண்டும், மஞ்சள் போர்வைக்குத்தான் போட்டி. உருக்கமான பத்து நிமிடப் பேச்சைவிட இவை அதிகம் வேலை செய்தன.

ஒப்பாதவர்கள்

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் பதிவேடு பொய்யாகும். நுணுக்கமான வடிவங்களில் தேர்ந்த இருவருக்கு ஒரே அளவு, ஒரே வடிவம் என்பது பிடிக்கவில்லை. இது தொழிற்சாலை, எனக்கு இங்கே என்ன வேலை என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தேர்வு செய்யும் உரிமையும், கைத்திறன் வளர்கிறது என்ற உணர்வும், கூட இருப்பவர்களோடு உறவும் இருந்தால் மனிதர் தாமாகவே வேலையில் ஈடுபடுவர் என்று உளவியலாளர்கள் டெசியும் ரயனும் வாதிட்டிருக்கிறார்கள். எங்கள் பைத்திட்டம் உறவைக் கொடுத்தது. மற்ற இரண்டையும் தேர்ந்தவர்களிடமிருந்து பறித்தது. எனவே மொத்த அளவு மாறாதவரை வடிவம் அவரவர் விருப்பம் என்று தனித்தைப்பாளர்களுக்கு விலக்கு அளித்தோம். ஒருவர் ஏற்று ஆண்டுக்குள் இரண்டு போர்வை தைத்தார். மற்றவர் கூட்டத்துக்கு வருகிறார், நன்கொடைக்குத் தைப்பதில்லை; அதைப் பற்றி எவரும் அவரிடம் கேட்பதும் இல்லை.

கணக்கு

இரண்டாம் ஆண்டின் 18 போர்வைகளில் 12, அலமாரியில் கிடந்த பழைய மேல்துணிகளிலிருந்து முடிந்தவை. பைத்திட்டத்தில் 4, தனித்தைப்பாளரிடமிருந்து 2. ஆகப் பெரும் பங்கு புதிய உழைப்பால் வந்ததன்று, தேங்கியதைத் திறந்துவிட்டதால் வந்தது. மூன்றாம் ஆண்டில் அந்தத் தேக்கம் இருக்காது என்பதால் எண்ணிக்கை குறையவே செய்யும். 12-ஐத் தாண்டுமா என்று என்னைக் கேட்டால் தாண்டாது என்றே சொல்வேன். 9 அல்லது 10 வந்தால் பைத்திட்டம் தன் காலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

19-இல் 12 முடிந்தன, சாயம் போகும் இரண்டு ஒதுக்கப்பட்டன, மீதி ஐந்து இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவை பெரிய கட்டிலுக்கான அளவில் தைத்தவை. அடித்துணிக்கு ஒட்டுப்போட வேண்டும், எங்கள் இரட்டை மேசையிலும் அடங்காது. மூன்றாவது மேசை ஒன்றைக் கேட்டிருக்கிறோம்.